கேரம் மோதலைக் கைப்பேசியால் அளப்பது

பினாங்கு, சுங்கை ஆராவில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடி நடைபாதையில் ஒரு கேரம் பலகை எப்போதும் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்காம் படிவம் படிக்கும் என் அண்ணன் மகன் அதன் எதிரில் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டான்: "அத்தை, மோதுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மொமெந்தும் ஒண்ணுதான்னு டீச்சர் சொல்றாங்க. இந்தக் காய்க்கும் அது சரியா வருமா?"

அவன் மலாயில் படிப்பதால் அவனுக்கு அது மொமெந்தும், மோதல் என்பது பெர்லாங்காரான். நான் உந்தம் என்றே எழுதுகிறேன், நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது அது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பதினேழு ஆண்டுகளாகக் கேமரா பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சர்க்யூட் பலகைகளில் ஈயப் பற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எந்திரங்கள்தாம் என் வேலை. "வருமா வராதான்னு ஏன் யோசிக்கணும்? அளந்துடுவோம்டா" என்றேன்.

சரியான எண் கைக்கு வர எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆனது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே நாளில் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வேண்டியவை இவ்வளவுதான்: வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைப்பேசி, கேரம் பலகை, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, இரும்பு அளவுகோல், ஒட்டுப்பொட்டு ஒரு அட்டை, பைத்தான் நிரல்மொழியும் படங்களை அலசும் ஓப்பன்சிவி நிரல்தொகுப்பும் உள்ள மடிக்கணினி. ஓப்பன்சிவி இலவசம். நிரல் எழுதத் தயக்கமாக இருந்தால், இயற்பியல் ஆசிரியர்கள் பயன்படுத்தும் டிராக்கர் என்ற இலவச மென்பொருளே போதும். அதில் ஒவ்வொரு ஃபிரேமிலும் காயைக் கையால் குறித்துக்கொண்டே போகலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 240 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 4.17 மில்லி வினாடி. ஸ்ட்ரைக்கரும் காயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதைவிட மிகமிகக் குறைவு. அதனால் மோதல் நடக்கும் கணத்தை உங்கள் வீடியோவில் தேடாதீர்கள், அது இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் முடிந்துபோயிருக்கும். நாம் அளப்பது மோதலுக்கு முந்திய வேகங்களையும் பிந்திய வேகங்களையும். உந்தக் கணக்குக்கு அதுவே போதும்.

வேலையில் முக்கால் பங்கு வெளிச்சம். எங்கள் முதல் ஞாயிறு முழுக்க அதில்தான் போனது. மழை வரும்போல் இருந்ததால் பலகையைக் கூடத்துக்குள் கொண்டுபோய் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து முப்பது வீடியோ எடுத்தோம். கணினியில் போட்டுப் பார்த்தால் படம் ஒரு ஃபிரேம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் துடித்துக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 240க்குள் 100 முழுதாக வகுபடாததால், 12 ஃபிரேமுக்கு ஒருமுறை அதே ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் நிறத்தை வைத்துக் காயைத் தேடும் நிரல், மங்கிய ஃபிரேமில் காயைத் தவறவிட்டுவிடும். மலிவான எல்இடி பல்புகளும் இப்படித்தான். அந்த முப்பது வீடியோவையும் அழித்தோம்.

பகல் வெளிச்சமே நல்லது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வெயில் நேராகப் பலகையில் விழாத திறந்த நடைபாதை, அல்லது கடைவீட்டின் ஐந்தடி நடைபாதை. மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்றால் பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருந்தால் முழு அளவில் வையுங்கள். குறைத்து வைக்கும்போது பல விளக்குகள் உள்ளுக்குள் அணைந்து அணைந்துதான் எரிகின்றன.

வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் ஷட்டர். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாகச் சுண்டினாலே ஏறக்குறைய அந்த வேகம் வரும். ஷட்டர் ஒரு வினாடியில் 240இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் ஸ்ட்ரைக்கர் 8 மில்லிமீட்டர் நகர்ந்து, படத்தில் வட்டம் முட்டைபோல இழுபட்டுவிடும். 2000இல் ஒரு பங்கு என்று வைத்தால் இழுபடுவது 1 மில்லிமீட்டர்தான். ஆகவே ஷட்டரைக் கையால் அமைக்கவிடும் கேமரா செயலியைப் போட்டு, ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை நான்கையும் பூட்டுங்கள். நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, நம் அளவைக் கெடுத்துவிடும்.

கைப்பேசி 960 ஃபிரேம் எடுக்கும் என்று விளம்பரத்தில் இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். சில கைப்பேசிகள் குறைந்த ஃபிரேம்களை எடுத்து, நடுவில் உள்ளவற்றைத் தாமே கற்பனை செய்து நிரப்புகின்றன. கற்பனை ஃபிரேமில் இருக்கும் காய் உண்மையில் அங்கே இருந்ததே இல்லை. அதனால் 240ஐயே வைத்துக்கொண்டு, அதன் நேரம் சரியா என்று சோதியுங்கள். அளவுகோலைச் சுவரில் செங்குத்தாக ஒட்டி, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு காயை விடுங்கள். பினாங்கு பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கே புவியீர்ப்பு முடுக்கம் 9.78தான், பாடநூலில் வழக்கமாக வரும் 9.81 இல்லை. 30 சென்டிமீட்டர் விழ 0.248 வினாடி ஆகும், அதாவது 240 ஃபிரேம் வீடியோவில் 59 ஃபிரேமும் கொஞ்சமும். எண்ணினால் 30 தான் வருகிறது என்றால் உங்கள் கைப்பேசி எடுப்பது 120. பக்கத்துப் பக்கத்து ஃபிரேமைக் கழித்துப் பார்த்து, ஒன்றுவிட்டு ஒன்று வித்தியாசமே இல்லாமல் வந்தால், ஃபிரேம்களை இரட்டித்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் நேரத்தைப் பற்றிய கவலை முடிந்தது. வீடியோ கோப்பு தன்னை 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் பொருட்படுத்த வேண்டாம், மெதுவாக ஓட்டிக்காட்டுவதற்காக அப்படிப் பதிந்திருக்கும்.

அடுத்தது பொட்டு. நானே ரசித்துச் செய்த பகுதி இது. ஸ்ட்ரைக்கரின் மேற்பரப்பு பளபளப்பானது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். ஸ்ட்ரைக்கர் நகரும்போது அந்தப் புள்ளி அதோடு சேர்ந்து நகராமல் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும், நிரல் ஏமாந்துவிடும். ஆலையில் இதற்கென்றே மின்னாத ஒட்டுவில்லைகள் வைத்திருப்போம். வீட்டில் என்ன செய்வது என்று தேடியபோது அண்ணி ஒட்டுப்பொட்டு அட்டையை நீட்டினார். வெல்வெட் பொட்டு துளியும் மின்னாது, எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை, அச்சு வட்டமாக வெட்டியிருக்கிறார்கள், உரித்தால் சுத்தமாக வந்துவிடும். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எந்த வளையல் கடையிலும் எல்லா அளவிலும் கிடைக்கும்.

நிறம் மட்டும் கவனமாக எடுக்க வேண்டும். மெரூனும் சிவப்பும் வேண்டாம். ஓப்பன்சிவியில் நிறத்தின் எண் 0 முதல் 179 வரை வட்டமாகச் சுற்றும். சிவப்பு அந்த வட்டத்தின் தையலில் உட்கார்ந்திருப்பதால் பாதி 0 பக்கமும் பாதி 179 பக்கமும் விழும். போதாததற்குக் கேரம் பலகையில் உள்ள வட்டங்கள் பலவும் ராணிக் காயும் சிவப்பு. பலகையின் மர நிறமும் ஆரஞ்சுப் பக்கம்தான். பச்சை ஏறக்குறைய 60, நீலம் ஏறக்குறைய 120. இரண்டும் மரத்திலிருந்து நன்றாக விலகி நிற்கும். நாங்கள் ஸ்ட்ரைக்கர் நடுவில் பச்சை, காயின் நடுவில் நீலம் ஒட்டினோம். சரியாக நடுவில் ஒட்ட, காகிதத்தில் காயின் அளவுக்கு வட்டம் வரைந்து, நடுவே பொட்டளவு ஓட்டை போட்டு, காய்மேல் வைத்து ஒட்டுங்கள். பொட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், காய் சுழலும்போது பாதை நெளிந்து நெளிந்து வரும்.

பொட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. காயின் முழு உருவத்தைத் தேடினால், மோதும் இடத்தில் இரண்டு வட்டமும் ஒட்டி எட்டுப்போல ஒரே உருவமாகிவிடும். அந்த ஃபிரேமில் எது ஸ்ட்ரைக்கர் எது காய் என்று நிரலுக்குத் தெரியாது. நடுப்பொட்டுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

கைப்பேசியை மாட்ட, இரண்டு நாற்காலி முதுகின்மேல் துணி காயப்போடும் மூங்கிலைக் குறுக்கே வைத்து, நடுவில் கட்டினோம். லென்ஸ் பலகைக்கு மேல் 60 சென்டிமீட்டர், நேர் கீழே பார்த்தபடி. நாற்காலியும் பலகையும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இல்லாவிட்டால் சுண்டும் அதிர்வு கேமராவுக்கு ஏறும். படத்தில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1920 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 3.2 பிக்சல்.

ஸ்ட்ரைக்கர் படத்தின் நீளவாக்கில் ஓடும்படி பலகையைத் திருப்பி வையுங்கள். கைப்பேசிக் கேமரா முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவதில்லை, வரிசை வரிசையாக மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறது. காய் மேலிருந்து கீழாக ஓடினால் படிக்கும் வரிசையோடு சேர்ந்து ஓடுவதுபோல ஆகி, வேகத்தில் ஓரிரு விழுக்காடு பிழை வரலாம். ஒரே வரிசையோடு பக்கவாட்டில் ஓடினால் அந்தப் பிழை இல்லை.

கணினியில் செய்வது எளிமையானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஃபிரேமையும், நிறம், அடர்த்தி, வெளிச்சம் எனத் தனித்தனி எண்ணாகப் பிரிக்கும் எச்எஸ்வி நிறமுறைக்கு மாற்றி, இன்ரேஞ்ச் கட்டளையால் பச்சையை மட்டும் பிரித்து, ஃபைண்ட்கான்டூர்ஸ் கட்டளையால் உருவங்களைக் கண்டுபிடித்து, பரப்பளவு பொட்டளவுக்குப் பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதன் நடுப்புள்ளியை மொமென்ட்ஸ் கட்டளையால் எடுக்க வேண்டும். நீலத்துக்கும் அப்படியே. நடுப்புள்ளியைப் பொட்டின் எல்லாப் பிக்சலையும் சராசரி எடுத்துக் கணக்கிடுவதால் ஒரு பிக்சலுக்கும் கீழான துல்லியம் கிடைக்கும். ஃபிரேம் எண், கிடைமட்ட இடம், செங்குத்து இடம் என்று மூன்று நெடுவரிசையாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டால் போதும். செயற்கை நுண்ணறிவு மாதிரி எதையும் பயிற்றுவிக்க வேண்டிய தேவையில்லை. ஒரு பச்சை வட்டத்தைக் கண்டுபிடிக்க அது அதிகப்படி.

வேகத்தைக் கணக்கிடும்போது இரண்டு ஃபிரேமை மட்டும் கழித்து விடை சொல்லாதீர்கள். மோதலுக்கு முன் 10 ஃபிரேம், பின் 10 ஃபிரேம் எடுத்து அவற்றின் ஊடே கோடு பொருத்துங்கள். இரண்டாம் ஞாயிறு நாங்கள் நேர்க்கோடுதான் பொருத்தினோம். இருபது மோதல்களிலும் பிந்திய உந்தம் 2, 3 விழுக்காடு குறைந்தே வந்தது. அண்ணன் மகன், "3 பெர்சென்ட்தானே அத்தை, விடுங்க" என்றான். எனக்கு விட மனமில்லை. கை நடுக்கத்தால் வரும் பிழை என்றால் சில நேரம் கூடும், சில நேரம் குறையும். ஒரே பக்கம் சாய்கிற பிழைக்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும்.

காரணம் உராய்வு. காயைத் தனியாக ஓடவிட்டு அளந்தோம். பவுடர் போட்ட எங்கள் பலகையில் வேகம் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 1 மீ/வி வீதம் குறைந்துகொண்டே வந்தது. 10 ஃபிரேம் என்பது 42 மில்லி வினாடி. நேர்க்கோடு கொடுப்பது அந்த இடைவெளியின் நடுவில் இருந்த வேகம். மோதலுக்கு முன்னே அது உண்மையைவிடக் கூடுதலாகவும், பின்னே உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்து உந்தம் தொலைந்ததுபோலக் காட்டுகிறது. தனி ஓட்டத்தில் கிடைத்த வேகக் குறைவைக் கணக்கில் சேர்த்து, மோதும் கணத்து வேகம் என்ன என்று திருத்தியதும் அந்தச் சாய்வு போய்விட்டது.

எங்கள் நல்ல மோதல் ஒன்றின் கணக்கு இது. ஸ்ட்ரைக்கர் 14.6 கிராம், காய் 5.2 கிராம். நேருக்கு நேர் மோதல். ஸ்ட்ரைக்கரின் வேகம் முன்பு 1.84, பிறகு 0.98, காய் நின்ற இடத்திலிருந்து 2.38. எல்லாம் வினாடிக்கு மீட்டர் கணக்கு. முந்திய உந்தம் 14.6ஐ 1.84ஆல் பெருக்க 26.9. பிந்தியது 14.3உம் 12.4உம் சேர்ந்து 26.7. ஒரு விழுக்காட்டுக்குள் பொருந்திவிட்டது. அவன் கணக்கியில் அதைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தான். அப்புறம் கைப்பேசியில் படமெடுத்து ஆசிரியைக்கு அனுப்பினான்.

இயக்க ஆற்றலோ 24.7 மில்லி ஜூலிலிருந்து 21.7ஆகக் குறைந்தது. 12 விழுக்காடு, நாம் கேட்கும் "டக்" ஓசையாகவும் வெப்பமாகவும் போனது. விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மீட்சிக் குணகம் கிடைக்கும்: 1.40 வகுத்தல் 1.84, அதாவது 0.76. நியூட்டன் வேறு பொருள்களுக்கு இந்தக் குணகத்தை 1687இல் வெளியிட்டிருக்கிறார். கேமரா ஏது? ஊசல்களில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதவிட்டு, எவ்வளவு உயரம் திரும்பி ஏறுகின்றன என்று பார்த்தே கணக்கிட்டார். இறுகச் சுற்றிய கம்பளிப் பந்துக்கு ஒன்பதில் ஐந்து பங்கு, கண்ணாடிக்குப் பதினாறில் பதினைந்து பங்கு. எங்கள் கேரம் காய் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

உந்தம் பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆலையில் தினமும் காலையில் எந்திரத்தை ஓட்டுமுன் கோல்டன் சேம்பிள் என்று ஒரு பலகையை உள்ளே விடுவோம். அதன் விடை நமக்கு முன்பே தெரியும். எந்திரம் வேறு விடை சொன்னால் அன்றைய உற்பத்தியைத் தொடங்க மாட்டோம். மோதலில் உந்தம் அப்படி ஒரு கோல்டன் சேம்பிள்தான், ஆனால் அது எல்லாப் பிழையையும் பிடிக்காது. மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதில் தவறு இருந்தால் முந்திய வேகமும் பிந்திய வேகமும் ஒரே விகிதத்தில் தவறிப்போகும். உந்தம் அழகாகப் பொருந்திக்கொண்டே இருக்கும். நேரத்தில் தவறு இருந்தாலும் அப்படித்தான். நேரத்துக்குக் காயை விழவிட்ட சோதனை இருக்கிறது. நீளத்துக்கு?

அதற்கும் மோதலுக்குள்ளேயே விடை இருக்கிறது. மோதும் கணத்தில் ஸ்ட்ரைக்கரின் நடுவுக்கும் காயின் நடுவுக்கும் உள்ள தூரம், இரண்டின் ஆரங்களையும் கூட்டினால் வரும் தொகை. எங்கள் ஸ்ட்ரைக்கர் 41 மில்லிமீட்டர் விட்டம், காய் 31. ஆகவே 36.0 வர வேண்டும். மோதல் ஃபிரேமில் விழாததால், முந்திய பாதையை முன்னோக்கியும் பிந்திய பாதையைப் பின்னோக்கியும் நீட்டி, அவை சந்திக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வீடியோவில் அது 83.4ஆம் ஃபிரேம் என்று வந்தது. 83க்கும் 84க்கும் நடுவே, எந்தப் படத்திலும் இல்லாத அந்தக் கணத்தில் இரு பொட்டுகளுக்கும் இடைத்தூரம் 36.5 என்று காட்டியது. அரை மில்லிமீட்டர் கூடுதல்.

தேடினோம். அளவுகோலைப் பலகைமேல் படுக்க வைத்துப் படமெடுத்திருந்தோம். பொட்டு இருப்பதோ காயின் முகத்தில், பலகையிலிருந்து 8 மில்லிமீட்டர் மேலே. 60 சென்டிமீட்டரில் 8 மில்லிமீட்டர் என்றால் 1.3 விழுக்காடு. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிவதால் எல்லா நீளமும் அந்த அளவுக்குக் கூடியிருந்தது. அளவுகோலை இரண்டு காய்களின்மேல் பாலம்போல வைத்து மறுபடி எடுத்ததும் 36.0 வந்தது. மேலே கொடுத்த வேகங்கள் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தவை. உந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பிழை எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தேங்காயைப் படமெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பதை நாங்களும் 240இல் எடுத்தோம். ஒரு ஃபிரேமில் தேங்காய் முழுதாகத் தரையைத் தொடுகிறது, அடுத்ததில் ஓடு பிளந்து தண்ணீர் சிதறி நிற்கிறது. பிளவு எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்பது அந்த நான்கு மில்லி வினாடிக்குள் மறைந்துவிட்டது. தரையைத் தொடும் வேகத்தை அளக்கலாம், அதற்கு மேல் இந்தக் கைப்பேசியால் ஆகாது. ஓட்டுச் சில்லு தெறிக்கும், தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள்.

கேரத்தில் அடுத்துச் செய்ய வேண்டியது நின்றிருக்கும் காயில் இன்னொரு காய் சாய்வாக மோதுவது. எடை சமம் என்பதால், ஆற்றல் துளியும் வீணாகாவிட்டால் இரண்டும் சரியாக 90 பாகை விலகி ஓட வேண்டும். மீட்சிக் குணகம் ஒன்றுக்குக் குறைவு என்பதால் கோணமும் குறையும், எவ்வளவு குறையும் என்பது எவ்வளவு சாய்வாக மோதியது என்பதைப் பொறுத்தது. இதற்கு இரண்டு காயிலும் நடுப்பொட்டோடு விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு சின்னப் பொட்டும் ஒட்டுங்கள், சுழற்சியும் தெரியவரும். ஒவ்வொரு ஐந்து மோதலுக்கும் ஒருமுறை பலகையைத் துடைத்துப் பவுடரைச் சீராகப் போடுங்கள். பவுடர் திட்டுத் திட்டாக இருந்தால் உராய்வு இடத்துக்கு இடம் மாறும், தனி ஓட்டத்தில் எடுத்த திருத்தம் அப்புறம் பொருந்தாது.